மாங்கபே குரங்கின் உடலில் வைரஸ் பெருகியும் எய்ட்ஸ் வராதது ஏன்?

அகவிழி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நுண்ணுயிரியலில் முதுகலை பயில்கிறேன். நோயெதிர்ப்பியலாளர் குய்டோ சில்வெஸ்ட்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சூட்டி மாங்கபே என்ற குரங்கினத்தில் எஸ்.ஐ.வி. எனப்படும் குரங்கு நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் இயல்பாகவே காணப்படுகிறது. தொற்றுள்ள மாங்கபேயின் இரத்தத்தில் இவ்வைரஸின் அளவு, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அப்படியிருந்தும் அக்குரங்குகள் பெரும்பாலும் நோயின்றி முழு ஆயுளும் வாழ்கின்றன. ஆனால் மாங்கபேயிடமிருந்து வந்த அதே வைரஸ் வழி ஆசியாவின் ரீசஸ் குரங்கைத் தொற்றும்போது, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் எய்ட்ஸ் உண்டாகி அக்குரங்கு இறந்துவிடுகிறது.

வைரஸ், நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணு வகையான சிடி4 டி செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கிறது, கொல்லப்படும் வேகத்துக்கு ஈடாகப் புதிய செல்களை உண்டாக்க உடலால் முடியாமற்போகும்போது நோயெதிர்ப்பு சரிகிறது என்றே எங்கள் வகுப்பில் கற்பித்தார்கள். இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு மாங்கபேயைப் புரிந்துகொள்ள முடியவில்லை. வைரஸ் அங்கே சாதுவாகிவிட்டதா, அல்லது அக்குரங்கின் உடல் வைரஸைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறதா? இரண்டாவதே சரியென்றால், மனிதரின் நோயெதிர்ப்பைச் சற்றே மட்டுப்படுத்தி எய்ட்ஸைத் தவிர்க்க ஏன் முயலவில்லை? குரங்குகளில் கிடைக்கும் முடிவுகளை மனிதருக்கு எந்த அளவுக்குப் பொருத்திப் பார்க்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்குருதி எழுதுகிறார்:

நல்ல கேள்வி. வைரஸ் சாதுவாகிவிட்டதா என்பதை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அதற்கு ஐயமற்ற விடை உண்டு. இல்லை. மாங்கபேயின் உடலிலும் தொற்றுற்ற சிடி4 செல் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மடிகிறது என்பதை, வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்து இரத்தத்தில் வைரஸின் அளவு சரியும் வேகத்தை அளந்து கண்டறிந்திருக்கிறார்கள். ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் காணப்படுவது ஏறத்தாழ இதே வேகம்தான். குடல் சவ்விலுள்ள சிடி4 செல்கள் தொற்றின் தொடக்க வாரங்களில் பெருமளவில் அழிவதும் மூன்று இனங்களுக்கும் பொதுவானது. ஆகவே மாங்கபேயின் உடலில் வைரஸ் செல்களைக் கொன்றுகொண்டுதான் இருக்கிறது. அக்கொலையைத் தொடர்ந்து உடல் என்ன செய்கிறது என்பதிலேயே இனங்கள் பிரிகின்றன.

சில்வெஸ்ட்ரி குழுவினரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரமும் இதுவே. தொற்றுள்ள மனிதரிலும் ரீசஸ் குரங்கிலும் வைரஸ் தொடாத டி செல்கள்கூட ஓயாமல் தூண்டப்பட்டு, பெருகி, தாமாகவே மடிகின்றன. இறக்கும் செல்களில் பெரும்பாலானவை வைரஸின் நேரடித் தாக்குதலுக்கு ஆளாகாதவை. மாங்கபேயில் இந்தப் பக்கவிளைவு மிகக் குறைவு. அதன் எலும்பு மஜ்ஜையும் நிணநீர்க் கணுக்களும் சிதையாமல் இருக்கின்றன, புதிய செல்கள் வழக்கம்போல் உருவாகின்றன. மனிதரில் எய்ட்ஸ் எவ்வளவு விரைவில் வரும் என்பதைக் கணிக்க வைரஸின் அளவைப் போலவே, சில ஆய்வுகளில் அதைவிடத் துல்லியமாகவும், டி செல்களின் தூண்டல் நிலை உதவுகிறது என்பது இதற்கு முன்பே தெரிந்திருந்தது. மாங்கபே அதற்கு எதிர்முனைச் சான்றாக அமைந்தது.

ஆனால், உடல் வைரஸைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது என்ற உங்கள் இரண்டாவது விளக்கமும் முழுவதும் சரியன்று. பலரும் இடறுவது இங்கேதான். 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள், மாங்கபேயிலும், அதைப் போலவே எஸ்.ஐ.வி.யை இயல்பாகச் சுமக்கும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கிலும் தொற்றின் முதல் நாட்களில், வைரஸ் நுழைந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தால் தூண்டப்படும் மரபணுக்கள் ரீசஸ் குரங்கில் இயங்குவதைப் போலவே வலுவாக இயங்குகின்றன என்று காட்டின. உடல் வைரஸைக் கண்டுகொள்கிறது, எச்சரிக்கையும் எழுப்புகிறது. பிறகு சில வாரங்களில், இரத்தத்தில் வைரஸ் குறையாமல் நீடிக்கும்போதே, அந்த எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் அது அடங்குவதே இல்லை. எனவே வைரஸை நெடுங்காலமாகச் சுமந்துவரும் இனங்களான இயல்பான ஓம்புயிரிகளின் சிறப்பைக் கண்டுகொள்ளாமையில் தேடக் கூடாது, அடக்கத் தெரிந்திருப்பதில் தேட வேண்டும்.

எச்சரிக்கை அடங்குவதற்குக் குடல் ஒரு முக்கியக் காரணம். 2006இல் ஜேசன் பிரென்ச்லியும் டேனியல் டூயெக்கும் அவர்களுடைய குழுவினரும், எச்.ஐ.வி. தொற்றியவரின் குடல் சவ்வு சேதமடைந்து, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் செல்சுவர்ப் பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன என்றும், நாட்பட்ட தூண்டலுக்கு அது காரணமாகிறது என்றும் காட்டினார்கள். அதே கட்டுரையில் மாங்கபேயையும் சோதித்து, அதில் அக்கசிவு இல்லை என்பதையும் பதிவு செய்தார்கள். குடல் சுவரைக் காக்கும் டிஎச்17 வகைச் செல்கள் மாங்கபேயில் நிலைத்து நிற்கின்றன. ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் அவை முன்னதாகவே தேய்ந்துவிடுகின்றன. இதை எதிர்த்திசையிலும் சோதித்திருக்கிறார்கள்: தொற்றுள்ள ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குக்குப் பாக்டீரியாச் செல்சுவர்ப் பொருளை வெளியிலிருந்து செலுத்தியபோது, அதன் உடலிலும் தூண்டல் உயர்ந்தது, வைரஸ் பெருக்கமும் உயர்ந்தது. இயல்பான ஓம்புயிரி எதனாலும் அசைக்க முடியாத பாறையன்று என்பதை உணர்த்துவதால், இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தது வைரஸ் எந்தச் செல்லில் தங்குகிறது என்பது. என்னைக் கேட்டால், குடலைவிட இதையே முன்னே வைப்பேன். வைரஸ் செல்லுக்குள் நுழையச் சிடி4 மட்டும் போதாது, சிசிஆர்5 போன்ற துணை ஏற்பியும் வேண்டும். இயல்பான ஓம்புயிரிகளின் சிடி4 செல்களில் சிசிஆர்5 மிகக் குறைவு. குறிப்பாக, நீண்ட காலம் வாழ்ந்து மற்ற டி செல்களை மீண்டும் மீண்டும் ஈன்று தரும் மைய நினைவுச் செல்கள், தூண்டப்பட்டாலும் சிசிஆர்5ஐ அதிகமாக வெளிக்காட்டுவதில்லை. மிர்கோ பயர்தினி, சில்வெஸ்ட்ரி ஆகியோரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குறுகிய ஆயுள் கொண்ட செல்களில் வைரஸ் எவ்வளவு பெருகினாலும், மூலக்கையிருப்பு தப்பிவிடுகிறது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு வேறொரு வழியைக் கண்டிருக்கிறது: அதன் சிடி4 செல்கள் நினைவுச் செல்களாக முதிரும்போது சிடி4 மூலக்கூற்றையே மேற்பரப்பிலிருந்து விலக்கிக்கொள்கின்றன, ஆனால் உதவிச் செல்லின் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. செங்கொண்டை மாங்கபே இனத்தில் பல குரங்குகளின் சிசிஆர்5 மரபணுவில் 24 எழுத்துகள் நீங்கியிருக்கின்றன. அவற்றைத் தொற்றும் வைரஸ் சிசிஆர்2பி என்ற வேறு ஏற்பிக்கு மாறிக்கொண்டது. ஒரே சிக்கலுக்கு மூன்று இனங்கள் மூன்று தனித்தனித் தீர்வுகளை எட்டியிருக்கின்றன என்பதை, இந்தச் செல்களைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கான சான்றாகவே கொள்கிறேன்.

உரைகல் எழுதுகிறார்:

வெண்குருதி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. மாங்கபேயில் தூண்டல் குறைவு, நோயும் இல்லை. ரீசஸ் குரங்கில் தூண்டல் மிகுதி, நோயும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து முன்னதே பின்னதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோய் முற்றுவதனாலும் தூண்டல் மிகலாம். இரண்டு இனங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் இருக்கும்போது, நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக் காரணமாக்குவது எளிது. மாங்கபேயின் முழு மரபணுத் தொகுதி 2018இல் வெளியானபோது, டிஎல்ஆர்4, ஐகேம்2 ஆகிய இரண்டு மரபணுக்கள் முதன்மையான ஐயத்துக்குரியவையாக முன்வைக்கப்பட்டன. அவற்றுள் டிஎல்ஆர்4 பாக்டீரியாச் செல்சுவர்ப் பொருளை உணரும் ஏற்பி என்பதால் மேலே சொன்ன குடல் விளக்கத்துடன் அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவது வேறு, நிறுவப்பட்டது வேறு.

இன்னொன்று. சிடி4 எண்ணிக்கையையே நோயின் அளவுகோலாகக் கொள்வோருக்கு மாங்கபே ஒரு சங்கடம். சில மாங்கபேகளில், கூடுதலான ஏற்பிகளைப் பயன்படுத்தும் வைரஸ் உருவாகி, இரத்தத்தில் சிடி4 செல்கள் மிகக் கீழே சரிந்த பிறகும் அவை ஆண்டுக்கணக்கில் எய்ட்ஸ் இல்லாமல் வாழ்ந்திருக்கின்றன. மறுபக்கம், மிக நீண்ட காலத் தொற்றுக்குப் பின் எய்ட்ஸ் கண்ட மாங்கபேயும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே 'நோயே வராது' என்று எழுதாமல் 'பெரும்பாலும் வராது' என்று கேள்வியில் எழுதியிருப்பது சரியான கவனம்.

கொடிவழி எழுதுகிறார்:

நான் வைரஸ்களின் பரிணாமத்தைப் படிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ரீசஸ் குரங்குக்கு எஸ்.ஐ.வி. இயல்பான வைரஸ் அன்று என்பதை மறந்துவிடக் கூடாது. ஆசியக் குரங்குகளிடம் காட்டில் இவ்வைரஸ் இல்லை. அமெரிக்கக் குரங்கு ஆய்வு மையங்களில் ஆப்பிரிக்க மாங்கபேகளிடமிருந்து அது ரீசஸ் குரங்குகளுக்கு மனிதர் கையாண்டதன் விளைவாகவே தாவியது. 1985இல் நியூ இங்கிலாந்து ஆய்வு மையத்தில் நோயுற்ற ரீசஸ் குரங்குகளிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, அதன் வேர் ஆப்பிரிக்காவில் இருப்பது தெரியாது. பின்னர் மரபணு வரிசையை ஒப்பிட்டபோதுதான் அது மாங்கபே வைரஸின் கிளை என்றும், மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதரிடம் காணப்படும் எச்.ஐ.வி.-2 அதே வேரிலிருந்து பிறந்தது என்றும் புலனாயிற்று. உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1 வேறு கிளை. அது சிம்பன்சியிடமிருந்து வந்தது. 2006இல் பீட்ரிஸ் ஹான் குழுவினர் தெற்குக் கேமரூன் காடுகளில் சிம்பன்சிகளின் சாணத்தைத் திரட்டி ஆராய்ந்து, எச்.ஐ.வி.-1இல் உலகெங்கும் பரவிய எம் பிரிவு வைரஸுக்கு மிக நெருங்கிய உறவினர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்பதுவரை சுட்டிக் காட்டினார்கள். விலங்கைப் பிடிக்காமல், ஊசி குத்தாமல், காட்டுத் தரையிலிருந்தே விடை கண்ட அந்த முறையை இத்துறையின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் 40க்கும் மேற்பட்ட குரங்கினங்கள் தத்தமக்குரிய எஸ்.ஐ.வி.யைச் சுமக்கின்றன. இந்த உறவின் வயதைக் கணிக்க ஒரு தீவு உதவியது. பியோகோ தீவு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து கடலால் பிரிந்தது. அத்தீவின் குரங்குகளிடம் உள்ள வைரஸ்களையும் கண்டத்தில் உள்ள அவற்றின் உறவு வைரஸ்களையும் மைக்கேல் வோரோபி குழுவினர் 2010இல் ஒப்பிட்டு, எஸ்.ஐ.வி. குறைந்தது 32,000 ஆண்டுகள் பழமையானது என்று கணித்தார்கள். உண்மையான வயது இதைவிடப் பன்மடங்காக இருக்கக்கூடும். இத்தனை நீண்ட காலத்தில், தொற்றியும் பிழைத்துக் குட்டி ஈன்ற குரங்குகளின் மரபணுக்களே நிலைத்தன. மனிதருக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. எம் பிரிவு வைரஸ் மனிதரிடம் பரவத் தொடங்கியதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் என்று வைரஸ் வரிசைகள் காட்டுகின்றன.

தாவல் என்பது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இனத்தின் செல்லுக்குள்ளும் வைரஸைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி.-1ஐ ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினால் தொற்று நிலைக்காது. உள்ளே நுழைந்த வைரஸின் உட்கூட்டை டிரிம்5 ஆல்ஃபா என்ற புரதம் பற்றி அழித்துவிடுகிறது என்பதை ஜோசப் சோட்ரோஸ்கியின் ஆய்வகம் 2004இல் கண்டறிந்தது. அபோபெக்3ஜி வைரஸின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது, அதை முறியடிக்க வைரஸ் விஃப் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. டெதரின் என்ற புரதம் வெளியேறும் வைரஸைச் செல்லின் மேற்பரப்பிலேயே கட்டிப்போடுகிறது. சிம்பன்சி வைரஸ் தன் நெஃப் புரதத்தைக் கொண்டு சிம்பன்சியின் டெதரினை வென்றது. மனித டெதரினிலோ நெஃப் பற்றும் ஐந்து அமினோ அமிலங்கள் இல்லை. எனவே எம் பிரிவு வைரஸ் விபியு என்ற வேறொரு புரதத்தை அந்த வேலைக்குத் திருப்பிக்கொண்டது. உலகளாவிய பரவலுக்கு இந்தத் திருப்பமும் துணைபுரிந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து.

உரைகல் அவர்கள் எழுப்பிய காரணச் சிக்கலுக்கு நெஃப் புரதமே நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலான எஸ்.ஐ.வி.களின் நெஃப், தொற்றிய டி செல்லின் மேற்பரப்பிலிருந்து சிடி3 ஏற்பியை நீக்கி, அச்செல் அளவுமீறித் தூண்டப்படாமல் செய்கிறது. எச்.ஐ.வி.-1க்கும் அதன் சிம்பன்சி மூதாதைக்கும் இந்தத் திறன் இல்லை என்று ஃபிராங்க் கிர்ஷ்ஹாஃப் குழுவினர் 2006இல் காட்டியபோது, மனிதரில் நோய் கடுமையாவதன் இரகசியம் கிடைத்துவிட்டதாகவே பலர் எண்ணினார்கள். ஆனால் ரீசஸ் குரங்கைக் கொல்லும் வைரஸின் நெஃப் அத்திறனை உடையதுதான். ஒரே காரணத்தைத் தேடுகிறவர்களுக்கு இத்துறை தொடர்ந்து ஏமாற்றம் அளிக்கும்.

அகவிழி எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. நோயெதிர்ப்பை மட்டுப்படுத்துவது பற்றிய என் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. இன்டர்ஃபெரான் எச்சரிக்கை அடங்காததே சிக்கலென்றால், அதை மருந்தால் அடக்குவது இயல்பாகத் தோன்றும் வழிதானே? அதோடு, தடுப்பூசி ஆய்வுகளில் குரங்கு முடிவுகள் மனிதரில் பொய்த்துப்போனதாகப் படித்தேன். அதன் விவரமும் தேவை.

வெண்குருதி எழுதுகிறார்:

அந்த வழியை முயன்று பார்த்திருக்கிறார்கள், விடையும் கிடைத்திருக்கிறது. 2014இல் வெளியான ஒரு சோதனையில், ரீசஸ் குரங்குகளுக்குத் தொற்று ஏற்படும் வேளையில் இன்டர்ஃபெரான் ஏற்பியைத் தடுத்தார்கள். குரங்குகள் தேறவில்லை, வைரஸின் இருப்பு பெருகியது, சிடி4 செல்கள் விரைவாகக் குறைந்தன, எய்ட்ஸ் முன்னதாகவே வந்தது. அதே ஆய்வில் வேறு குரங்குகளுக்கு இன்டர்ஃபெரானை வெளியிலிருந்து கொடுத்தபோது, முதலில் தொற்றே தடைப்பட்டது. ஆனால் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க உடல் அதற்கு மரத்துப்போய், குரங்குகள் முன்னிலும் எளிதாகத் தொற்றுக்கு உள்ளாயின. ஆக, ஒரே மூலக்கூறு முதல் நாட்களில் காவலாகவும் பின்னர் கேடாகவும் அமைகிறது. மாங்கபேயின் உடல் அந்தக் காலக்கணக்கைத் தானாகவே கடைப்பிடிக்கிறது. மருந்து கொடுப்பவருக்கு அது எளிதில் கைவருவதில்லை. நோயாளி நம்மிடம் வரும்போது தொற்றின் வயது பெரும்பாலும் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்காத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு, நோயெதிர்ப்புத் தூண்டலைத் தணிக்கும் மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்து நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியாயிற்று. டி செல் தூண்டல் குறையவில்லை. மாறாக வைரஸின் அளவு உயர்ந்தது, சிடி4 எண்ணிக்கை சரிந்தது.

இதற்கு நான் காணும் காரணம், இயல்பான ஓம்புயிரியில் தூண்டல் குறைவது ஒரு தொடரின் கடைசிக் கண்ணி என்பதே. மைய நினைவுச் செல்கள் காக்கப்படுகின்றன, குடல் சுவர் சிதையாமல் நிற்கிறது, நிணநீர்க் கணுக்களின் உள்முடிச்சுகளுக்குள் வைரஸ் நுழைந்து தங்குவதில்லை. இவற்றின் பயனாகவே தூண்டல் அடங்குகிறது. முந்தைய கண்ணிகளை விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் இழுத்தால் தொடர் நகராது. நிணநீர் முடிச்சு பற்றி மேலே சொல்லாமல் விட்டதை இங்கே சேர்க்கிறேன். ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் இம்முடிச்சுகள் வைரஸின் பாதுகாப்பான மறைவிடங்கள், ஏனெனில் கொல்லும் டி செல்கள் அங்கே எளிதில் நுழைவதில்லை. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில் இயற்கைக் கொல்லி செல்கள் முடிச்சுகளுக்குள்ளேயே சென்று வைரஸை ஒடுக்குகின்றன என்று மிகேலா முல்லர்-ட்ருட்வின் குழுவினர் 2017இல் காட்டினார்கள். அச்செல்களை நீக்கியபோது முடிச்சுகளுக்குள் வைரஸ் பெருகியது. இனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு பொருளை நீக்கி விளைவைக் கண்ட சோதனை என்பதால், உரைகல் அவர்களின் எதிர்ப்புக்கு இதுவே நேரான பதில்.

உரைகல் எழுதுகிறார்:

ஏற்கிறேன். அத்தகைய சோதனைகள் இன்னும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். அடினோவைரஸ்-5 என்ற வேறொரு வைரஸை ஊர்தியாகக் கொண்ட மெர்க் நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்பூசி மனிதரில் சோதிக்கப்பட்டு, பயனில்லை என்று 2007 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அடினோவைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த ஆண்களில் தடுப்பூசி பெற்றோரிடம் தொற்று கூடுதலாகக்கூடக் காணப்பட்டது. குரங்குகள் நம்மை ஏமாற்றிவிட்டன என்ற பேச்சு அப்போது எழுந்தது. உண்மையில் குரங்குகள் இரண்டு விடைகளைத் தந்திருந்தன. எச்.ஐ.வி.யின் உறையையும் எஸ்.ஐ.வி.யின் உள்ளமைப்பையும் இணைத்துச் செய்த கலப்பு வைரஸ்களுள் 89.6பி என்ற ஒன்றைக் கொண்டு சோதித்தபோது, தடுப்பூசி பெற்ற குரங்குகள் நோயை நன்றாகக் கட்டுப்படுத்தின. எஸ்.ஐ.வி.மேக்239 என்ற கடுமையான வைரஸைக் கொண்டு சோதித்தபோது பாதுகாப்பு நிலைக்கவில்லை. 89.6பி, சிசிஆர்5ஐ விடுத்துச் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைப் பயன்படுத்தும் இயல்புடையது. மனிதரிடையே பரவும் வைரஸ்கள் பெரும்பாலும் அப்படியல்ல. எந்த விடையை நம்புவது என்பதை அந்த ஓர் இயல்பே சொல்லியிருக்க வேண்டும். நம்பிக்கையூட்டிய விடையை எடுத்துக்கொண்டு மற்றதை ஓரங்கட்டியது மனிதர் செய்த தேர்வு.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. நெஃப் மரபணுவை நீக்கிச் செயல்தளர்த்திய உயிருள்ள எஸ்.ஐ.வி., குரங்குகளுக்கு வலுவான பாதுகாப்பை அளித்தது என்று 1992இல் ரொனால்ட் டெரோஷியர்ஸ் குழுவினர் காட்டியபோது, மனிதருக்கும் அத்தகைய தடுப்பூசி செய்யலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1995இல் ரூத் ரூப்ரெக்ட் குழுவினர், செயல்தளர்த்திய எஸ்.ஐ.வி.யே குட்டிக் குரங்குகளுக்கு எய்ட்ஸை உண்டாக்கியதைக் காட்டினார்கள். பின்னர் வளர்ந்த குரங்குகளிலும் அது நேர்ந்தது. மனிதருக்குச் செலுத்துவதற்கு முன்பே அந்த வழி அடைக்கப்பட்டது. குரங்கு ஆய்வால் காக்கப்பட்ட உயிர்களைக் கணக்கிடுவோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், 2016இல் ஆல்ஃபா4பீட்டா7 என்ற குடல் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்து, வைரஸ் எதிர்ப்பு மருந்தை நிறுத்திய பிறகும் ரீசஸ் குரங்குகள் வைரஸைக் கட்டுப்படுத்தின என்று ஓர் ஆய்வு அறிவித்தது. அதே ஏற்பிக்கு எதிரான மருந்தை மனிதருக்குக் கொடுத்தபோதும், வேறு ஆய்வகங்கள் குரங்குகளில் திரும்பச் செய்தபோதும் அவ்விளைவு கிடைக்கவில்லை என்று 2019இல் கட்டுரைகள் வெளிவந்தன. முதல் ஆய்வில் பயன்பட்ட வைரஸின் நெஃப் மரபணுவில், புரதம் முழுமையாக உருவாகாமல் தடுக்கும் ஒரு நிறுத்தக் குறி இருந்ததும் பிறகு தெரியவந்தது. அதே வைரஸைக் கொண்டு செய்த மறுசோதனையும் தோல்வியுற்றதால், அந்தக் குறியை மட்டும் பழி சொல்ல முடியாது. குரங்கு ஆய்வுகளில் ஒரு பிரிவுக்குச் சில விலங்குகளே கிடைக்கின்றன. தற்செயலான முடிவு பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுவதற்கு அது இடம் தருகிறது. இந்திய வழி ரீசஸ், சீன வழி ரீசஸ் என்ற வேறுபாடும் முடிவைப் பாதிக்கும். சீன வழிக் குரங்குகளில் நோய் மெதுவாகவே முற்றுகிறது. மாமு-ஏ*01, மாமு-பி*08 போன்ற மரபணுக்களை உடைய குரங்குகள் தடுப்பூசி இல்லாமலே வைரஸை ஓரளவு அடக்கும். இவற்றைக் குறிப்பிடாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

கொடிவழி எழுதுகிறார்:

குரங்கு முடிவு மனிதருக்குச் சரியாகப் பொருந்திய இடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையேல் அகவிழி தவறான எண்ணத்தோடு போய்விடுவார். தொற்றைத் தடுக்கும் மருந்துகள்தாம் அந்த இடம். டெனோஃபோவிர் மருந்தை முன்கூட்டியோ, வைரஸ் செலுத்திய 24 மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால் குரங்குகள் தொற்றிலிருந்து முழுமையாகத் தப்பின என்று 1995இலேயே ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதே மருந்தை உள்ளடக்கிய மாத்திரைக்கு, தொற்றுக்கு முந்தைய தடுப்பாகப் பயன்படுத்த அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் கிடைத்தது. நீண்ட காலம் உடலில் தங்கும் கபோடெக்ராவிர் ஊசியும் குரங்குகளில் பாதுகாப்பளித்த பிறகே மனிதருக்கு வந்து, 2021இல் ஒப்புதல் பெற்றது. மருந்தின் வேலை வைரஸின் நொதியோடு மட்டுமே நிற்பதால் இங்கே இன வேறுபாடு குறுக்கிடுவதில்லை. தடுப்பூசியோ குரங்கின் நோயெதிர்ப்பு மண்டலம் முழுவதையும் நம்பியிருக்கிறது. எந்தக் குரங்கு முடிவு நமக்குப் பொருந்தும் என்று கேட்பவரிடம், அம்முடிவு ஓம்புயிரியின் எதிர்வினையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

அகவிழி எழுதுகிறார்:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று மட்டும். சிம்பன்சிக்கும் எஸ்.ஐ.வி. இயல்பான வைரஸ்தானே? அப்படியானால் அதுவும் மாங்கபேயைப் போல நோயின்றி வாழ வேண்டுமல்லவா?

கொடிவழி எழுதுகிறார்:

அப்படித்தான் நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். தான்சானியாவின் கோம்பே தேசியப் பூங்காவில், ஜேன் குடால் தொடங்கிவைத்த கண்காணிப்பில் பல்லாண்டுகளாகத் தனித்தனியே அடையாளம் காணப்பட்டுவந்த சிம்பன்சிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை மாற்றியது. ஒத்த வயதுடைய தொற்றற்ற சிம்பன்சிகளோடு ஒப்பிட்டால், தொற்றுள்ளவை இறக்கும் வாய்ப்பு 10 முதல் 16 மடங்கு மிகுதியாக இருந்தது. இறந்தவற்றின் திசுக்களை ஆராய்ந்தபோது எய்ட்ஸை ஒத்த செல் இழப்பும் தெரிந்தது. தொற்றுள்ள தாய்களுக்குப் பிறந்த குட்டிகளும் குறைவாகவே பிழைத்தன. சிம்பன்சி தான் வேட்டையாடித் தின்னும் சிறு குரங்குகளிடமிருந்து இவ்வைரஸைப் பெற்றது. செங்கொண்டை மாங்கபேயின் வைரஸும் கெர்கோபிதிகஸ் பேரினக் குரங்கு ஒன்றின் வைரஸும் அதன் உடலில் கலந்து உண்டான கலவையே சிம்பன்சி வைரஸ். ஆகவே மாங்கபேயோடு ஒப்பிட்டால் சிம்பன்சி புதிய ஓம்புயிரி. வைரஸ் ஓரினத்தில் இயல்பாகக் காணப்படுகிறது என்பதால் மட்டுமே அவ்வினம் அதற்குப் பழகிவிட்டது என்று கொள்ள முடியாது.